பழகாத செடி

அரசாங்கத்தின் சாட்சியைக் கடலை மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்து, எனக்கே தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

"நல்லாருக்கா மேடம்? நம்ம வாசல்ல இருக்கற கற்பூரவல்லிதான். உங்க ஆபீசுல குடுத்தீங்களே, அந்தச் செடி. நல்லா தளதளன்னு வருது" என்றார் வீட்டுக்கார அம்மா அஞ்சலாட்சி.

மீதிப் பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளோடைக்குப்பத்தில் ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு கம்பெனி இருக்கிறது. சாயத்துக்கு வேண்டிய ரசாயனம் செய்கிறார்கள். ராத்திரி வேளையில் ஏதோ ஆவியைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊரில் சிலரும், அப்படி ஒன்றும் இல்லை என்று கம்பெனியும் வருடக்கணக்கில் வழக்காடினார்கள். கம்பெனி வைத்த கருவி காற்று சுத்தம் என்றது. வழக்குப் போட்டவர்கள் வைத்த கருவி விஷம் என்றது. இரண்டு கருவிக்கும் ஆளுக்கொரு நிபுணர் வந்து மற்றவரைப் பொய்யர் என்று சத்தியம் செய்தார்கள். நீதிமன்றத்துக்கே அலுத்துப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆய்வகத்தில் கற்பூரவல்லியின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தோம். அந்த ஆவி பட்டால் இலை சிவக்கும். செடிக்குக் கட்சி கிடையாது, அது யாரிடமும் கை நீட்டாது என்று எல்லோரும் மகிழ்ந்துபோய் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். கம்பெனியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு காவல் செடி இருக்க வேண்டும். தொட்டியில் எண் பொறித்த அரசாங்க வில்லை இருக்கும். ஒரு செடி தொடர்ந்து மூன்று நாள் காலையில் சிவந்திருந்தால், கம்பெனி தன் இரவுக் குழாயை மூட வேண்டும். கருவி எதுவும் இனிமேல் செல்லாது.

அந்தச் செடிகளுக்கு ஆய்வாளர் நான். பெயர் பர்வீன். தாவர உடலியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். மாதம் ஒருமுறை தெருத்தெருவாகப் போய்த் தொட்டிகளை எட்டிப் பார்ப்பதற்கு அந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது.

இரண்டு வருடமாக ஒரு செடிகூடச் சிவந்ததில்லை. காற்று சுத்தம் என்று நானும் மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கற்பூரவல்லியை இருமலுக்குக் கஷாயம் வைப்பார்கள், மழைக்காலத்தில் பஜ்ஜி போடுவார்கள் என்பது தமிழ்நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். காவலுக்கு அந்தச் செடியைத் தேர்ந்தெடுத்த எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"இலையைப் பறிக்கக் கூடாதும்மா. நோட்டீசுல போட்டிருக்கே" என்றேன்.

"முத்தின இலையைத்தான் பறிச்சேன். செடிக்கும் நல்லதுதானே. அதும் மருமவளுக்கு இருமல், கஷாயம் வெக்கணும். ஏ இலக்கியா, மேடத்துக்குத் தண்ணி குடு."

உள்ளேயிருந்து சொம்போடு ஒரு பெண் வந்தாள். தையில் கல்யாணமாகி வந்தவள். சொம்பை நீட்டும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடிக்கும்வரை நான் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

"ராத்திரியில ஒரு நாத்தம் வருது மேடம்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "அழுகின கொய்யாப்பழமும் நகப்பூச்சும் சேர்ந்த மாதிரி. அது வந்தாத்தான் இருமல் வருது. இங்க யாருக்கும் தெரியலன்றாங்க."

"இந்தத் தெருவுல எத்தினி பேரு இருக்கோம், எங்களுக்கெல்லாம் மூக்கு இல்லியா?" என்றார் அஞ்சலாட்சி. குரலில் கோபம் இல்லை. தினமும் சொல்கிற விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "மலையடிவாரத்துல வளந்த பொண்ணு. கடல்காத்து ஒத்துக்கல. போவப் போவப் பழகிடும்."

அவள் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஊர். அஞ்சலாட்சி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மிச்சத்தை அவளே வேகவேகமாகச் சொன்னாள்.

"நோய்க்காரிய மறைச்சு எங்க தலையில கட்டிட்டாங்கன்னு பேசிக்கறாங்க மேடம். இந்த ஆடிக்கு அம்மா வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு, ஆவணியில கூப்புட வர்றதா வேணாமான்னு யோசிக்கலாம்னு அத்தை அவருகிட்ட சொன்னதை நானே கேட்டேன். எங்கம்மா எதையும் மறைக்கல. எனக்கு அங்க ஒரு நாளும் இருமல் வந்ததில்ல. உங்க செடி ஒரு தடவை சிவந்துச்சுன்னா போதும், நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சிடும். தினம் காலையில எழுந்ததும் அதைத்தான் மேடம் பாக்கறேன். பச்சையாவே இருக்குது."

நான் போய்ப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில்கூட அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது அந்தச் செழிப்பைப் பார்த்துத்தான். நாங்கள் கொடுத்த செடி இத்தனை தடித்த தண்டு உடையதே அல்ல. பக்கத்து வீட்டில் பார்த்தேன், எதிர்வீட்டில் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன.

"நீங்க குடுத்தது வந்த வாரமே சுருண்டு பட்டுப்போச்சு மேடம்" என்றாள் எதிர்வீட்டு ராசாத்தி. "ஆபீசருங்க வந்து கேப்பாங்களேன்னு கம்பெனி கேட்டுல இருந்து ஒரு குச்சி ஒடிச்சாந்து வெச்சோம். அங்க வரிசையா வெச்சிருக்காங்க, யானைக்காது கணக்கா இலை."

"கேட்டா தரமாட்டாங்களா?"

"கேட்டு வாங்கினா செடி வருமா மேடம்? தெரியாம ஒடிச்சாத்தான் துளிர்க்கும்."

தெரு முழுக்க, அஞ்சலாட்சி வீட்டிலும்கூட, அதே பதில்தான். சிலருக்குச் செடி பட்டுப்போயிருந்தது, சிலர் கஷாயத்துக்கே தீர்த்திருந்தார்கள், ஒரு வீட்டில் குழந்தை பிடுங்கிப்போட்டிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் திருடியிருந்தார்கள். அரசாங்கத்துக்குப் பயந்து, மரியாதையாக, ஆளுக்கொரு குச்சி.

கம்பெனி வாசலுக்குப் போனேன். நாங்கள்தான் அங்கும் ஒரு வரிசை வைத்திருந்தோம், திட்டம் தொடங்கிய புதிதில். இரண்டு வருடமாகக் குழாயின் வாய்க்கு நேர் எதிரே வளர்ந்த செடிகள். நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் இலக்கியா மருந்துச் சீட்டோடு நின்றிருந்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

"செடிக்கு இலையைச் சிவப்பாக்கறது ஒரு செலவு இலக்கியா. ஒரு நாள் ஆவி பட்டா செலவு பண்ணும். தினம் தினம் பட்டுக்கிட்டே இருந்தா, மாசம் ஒரு தடவை நான் வந்து எட்டிப் பாக்கறதுக்குள்ளயே, இதுதான் இந்த ஊர்க் காத்துன்னு எடுத்துக்கிட்டு வுட்டுடும். அதுக்கு மேல வளர்ற வேலையைப் பாக்கும்."

"செடிக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"மூளை கெடையாது. ஆனா உயிரணுக்குள்ள எந்த வேலையை நடத்தணும், எதை மூடி வெக்கணும்னு ஒரு அடையாளம் விழுந்துடும். குச்சி ஒடிச்சு வெச்சா அதுவும் கூடவே வரும். விதையில இருந்து வந்தா பெரும்பாலும் அழிஞ்சிடும். கற்பூரவல்லியை யாரு விதை போட்டு வளக்கறாங்க?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அப்ப இந்தத் தெருவுல இருக்கற அத்தனை செடியும் உள்ளூருச் செடி. நான்தான் வெளியூரு."

அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பேருந்தும் வந்துவிட்டது.

அடுத்த வாரமே ஆய்வகத்திலிருந்து புதுச் செடி ஒன்றைக் கொண்டுபோய் அஞ்சலாட்சி வீட்டு வாசலில், பழைய தொட்டிக்கு எதிர்ப்பக்கம் வைத்தேன். ஊரிலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினேன். அந்த லாட்ஜின் மூட்டைப்பூச்சிகளைப் பற்றித் தனியாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதலாம். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். செடி பீட்ரூட் நிறத்தில் சிவந்து, இலையோரம் சுருண்டு நின்றது. இலக்கியா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாளா சிரித்துக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு காலை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் போனபோது புதுத் தொட்டியில் பச்சைப் பசேலென்று ஒரு குச்சி நின்றிருந்தது.

"அந்தச் செடி எங்கம்மா?"

"செவந்து சுருண்டு போச்சுங்க மேடம், பாக்கவே சகிக்கல. வெள்ளிக்கெழமை அதுவுமா வாசல்ல வாடின செடி நின்னா குடும்பத்துக்கு ஆவுமா? பிடுங்கிக் குப்பையில போட்டேன். நீங்க வந்து வருத்தப்படுவீங்களேன்னு ராசாத்தி வூட்டுல இருந்து ஒரு குச்சி வெச்சிருக்கேன். பாருங்க, அதுக்குள்ள நிமிந்துடுச்சு."

குப்பைமேட்டுக்கு ஓடினேன். ஒரு வெள்ளாடு கடைசித் தண்டை மென்றுகொண்டிருந்தது. சட்டம் பேசும் ஒரே சாட்சி, என் கண்ணெதிரே அதன் வயிற்றுக்குள் போயிற்று.

அஞ்சலாட்சிமேல் கோபப்படவும் முடியவில்லை. நல்ல மனதோடுதான் செய்திருந்தார். எனக்காக இட்லிகூட எடுத்து வைத்திருந்தார்.

முதல் நாள் எடுத்த அந்த ஒரே படத்தோடு இணை இயக்குநர் வைத்தியலிங்கத்திடம் போனேன். அவர் படத்தை நன்றாகப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. விதியை மட்டும் படித்தவர்.

"இது எப்ப வெச்ச செடி?"

"போன வாரம் சார்."

"மூணு மாசம் பதிவுல இருந்தாத்தான் செடியோட சாட்சி செல்லும். இடம் மாத்தி நட்டா அந்த அதிர்ச்சியிலயே இலை நிறம் மாறும்னு உங்க லேப்லதானே எழுதிக் குடுத்தாங்க."

"சார், மூணு மாசம் அந்தக் காத்துல இருந்தா அது சிவக்கவே சிவக்காது. அதுதான் பிரச்சினையே. நடுவுல கொஞ்சம் கொஞ்சமா மரத்துப்போயிடும்."

"புதுசா வந்தா கொஞ்ச நாள் அப்படித்தாம்மா இருக்கும். பழகட்டும். பழகின பிறகு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

அதே சொல். அந்த ஊரில் ஒரு மாமியார் சொல்கிறார், இங்கே குளிரூட்டிய அறையில் ஓர் அதிகாரி சொல்கிறார். ஒரு சாட்சி செல்ல வேண்டுமானால் முதலில் அது வாயை மூடக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, வேலையை விட்டுவிட்டுத் தங்கையின் துணிக்கடையில் உட்காரலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

ஆனி கடைசியில் மறுபடி வெள்ளோடைக்குப்பம் போனேன். எல்லாம் பச்சை. இலக்கியா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் இருமவில்லை என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"இப்ப பரவாயில்லையா?"

"கொறைஞ்சிடுச்சு மேடம்." அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "அதான் பயமா இருக்குது. நின்னே போச்சுன்னா, நான் அப்ப சொன்னதெல்லாம் நடிப்புன்னு ஆயிடும். இருமல் நின்னா நல்லதுதானே மேடம்?"

"காத்து மாறி நின்னா நல்லது. காத்து அப்படியே இருந்து இருமல் மட்டும் நின்னா, உடம்பு சண்டை போடறதை வுட்டுடுச்சுன்னு அர்த்தம். எதிராளி போயிட்டான்னு அர்த்தமில்ல. உள்ள அது வேலையைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

அவள் ஒரு சேலையை இரண்டு முறை உதறினாள். "சித்திரையில திருவிழாவுக்கு அம்மா வூட்டுக்குப் போய் இருந்தேன். அங்க ஒண்ணுமே இல்ல. திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரிதான் உயிரே போற மாதிரி ஆயிடுச்சு. கல்யாணமாகி வந்த மொத நாள் மாதிரியே. பழகினதெல்லாம் மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை எடுத்தாள். நான்தான் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஆடிக்கு எப்ப போற?"

"பத்து நாள்ல அப்பா வந்து கூட்டிட்டுப் போவாரு."

"இந்தத் தொட்டியையும் எடுத்துக்கிட்டுப் போ."

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தொட்டி இரண்டு வருடமாகப் பதிவில் இருக்கிறது. வில்லை பழையது. உள்ளூருக்குப் பழகிய செடி என்று வைத்தியலிங்கமே சத்தியம் செய்வார். ஒரு மாதம் மலையடிவாரத்தில் இருந்தால் இந்த ஊர்க் காற்றை மறந்துவிடும், திரும்பி வந்ததும் சிவக்கும். செடியை ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று ராத்திரி முழுக்கத் தேடினேன். இல்லை. செடி ஆடிக்குப் பிறந்தகம் போகும் என்று எந்த அதிகாரிக்குத் தோன்றியிருக்கும்.

"அங்க போனதும் பழைய இலையை எல்லாம் கிள்ளி எறிஞ்சிடணும். புதுசா வர்ற இலைக்கு இந்த ஊரைத் தெரியக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன்.

"அத்தைகிட்ட என்ன சொல்றது?"

"செடிக்கு உடம்பு சரியில்லை, காத்து மாத்தணும்னு மேடம் சொன்னாங்கன்னு சொல்லு."

பிற்பாடு தொலைபேசியில் விசாரித்தபோது, கிள்ளிய இலைகளை அவள் அம்மா பஜ்ஜி போட்டுவிட்டதாகச் சொன்னாள். இந்த நாட்டில் அறிவியல் செய்வதற்கு இரும்பு மனம் வேண்டும்.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. யாரும் அவளை அழைத்துவரப் போகவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அஞ்சலாட்சி வீட்டுக்கே போய்விட்டேன். அவருடைய மகன் அருள்முருகனும் இருந்தான். அதே கம்பெனியில் ஷிப்டு வேலை. பேசும்போது எப்போதும் தரையைப் பார்ப்பவன்.

"ரெண்டு மாசம் போவட்டும்னு பாக்கறோம்" என்றார் அஞ்சலாட்சி. "ஒடம்பு தேறட்டும். அப்புறம் யோசிக்கலாம். ஒரே புள்ள மேடம், அவன் காலம்பூரா நோய்க்காரியோட கெடந்து அல்லாடணுமா?"

மகன் கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல்தான் அதிகக் கோபம். ஆனால் குடும்ப விஷயத்தில் தலையிட எனக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. செடி விஷயத்தில் தந்தது.

"மருமகளைப் பத்தி நான் பேச வரலம்மா" என்றேன். "உங்க வாசல்ல இருந்த அரசாங்கத் தொட்டி அவகிட்ட இருக்கு. ஆவணிக்குள்ள அது இந்த வாசலுக்குத் திரும்பி வரணும். இல்லைன்னா குடும்பத் தலைவர் பேர்ல கேஸ் போடுவாங்க. கம்பெனி வேலைக்கும் ஆபத்து."

பாதி பொய். மீதிப் பாதியும் பொய்தான்.

அருள்முருகன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் காத்துக்கொண்டிருந்ததே இப்படி ஒரு சாக்குக்குத்தானோ என்னவோ. "நான் போய் எடுத்தாந்துடறேன் மேடம்" என்றான்.

"தொட்டிய மட்டும் எடுத்தாடா" என்று அம்மா பின்னாலேயே சொன்னார்.

போனவன் உடனே திரும்பவில்லை. மாமனார் வீட்டில் மரவள்ளி பிடுங்கும் வேலை, அடுத்து ஊர்த் திருவிழா, சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அஞ்சலாட்சி எனக்கே போன் செய்து புலம்பினார். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கினார்கள். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், மருமகள் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நான் அதே லாட்ஜில் அதே மூட்டைப்பூச்சிகளோடு படுத்திருந்துவிட்டு, வெளுக்கும் முன்பே அந்தத் தெருவுக்குப் போனேன்.

வாசலில் அஞ்சலாட்சி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பச்சைக் குச்சி. எதிரே தொட்டியில் செடி நெருப்பாகச் சிவந்திருந்தது. இத்தனை நாள் பச்சையாகவே நின்ற அதே செடி, அதே வில்லை.

"வேணாம்மா, அதைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வருகிற இருமல்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டா" என்றார் அலுப்போடு. "ஏ இலக்கியா, எழுந்து கொஞ்சம் சுடுதண்ணி குடி. தெருவே முழிச்சிக்கப் போவுது."

"இங்க இருக்கேன் அத்தை."

இலக்கியா தெருக் குழாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

உள்ளே இருமல் மறுபடி வந்தது. அடங்குவதற்குள் இன்னொன்று.

அஞ்சலாட்சி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே அசையாமல் நின்றார். அந்த வீட்டில் இருமக்கூடிய இன்னொரு ஆள் யார் என்று யோசிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. அதை ஏற்றுக்கொள்ளத்தான் நேரம் ஆயிற்று.

"அவனுக்கு என்னா?" என்று என்னைக் கேட்டார். "பொறந்ததுல இருந்து ஒரு தும்மல் போட்டவன் இல்ல. இந்தக் காத்துலயே வளந்தவன்."

"ரெண்டு வாரம் வெளிய இருந்தாரில்லையாம்மா. மறந்துபோச்சு" என்றேன்.

அவர் செடியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். குச்சியை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போய் மகனுக்கு முதுகைத் தடவிவிட்டார். அதன் பிறகு இலக்கியாவுக்கும் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் மாமியார்கள் கேட்பதில்லை.

இரண்டாம் நாள் நான் போனபோது அவர் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தென்னந்துடைப்பம். ராசாத்தி ஒரு நல்ல பச்சைக் குச்சியோடு தெருவைத் தாண்டி வந்தாள்.

"என்னா அஞ்சலாட்சி, வாசல்ல இப்படி வாடிக் கெடக்குது. குடு, மாத்தி வெக்கறேன்."

"கிட்ட வந்தே, கையை முறிச்சிடுவேன்" என்றார் அஞ்சலாட்சி.

மூன்றாம் நாளும் செடி சிவந்திருந்தது. ஆட்டையும் கோழியையும் ராசாத்தியையும் தாண்டி அது அங்கேயே இருந்தது. படங்களோடு வைத்தியலிங்கத்தின் மேசைக்குப் போனேன். அவர் வில்லையின் எண்ணைப் பார்த்தார், பதிவைப் பார்த்தார், மூன்று மாதம் ஆனதா என்று தேடிப் பார்த்து, இரண்டு வருடம் என்று கண்டு பெருமூச்சு விட்டார். விதி சரியாக இருந்தது. கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இரவுக் குழாயை மூடச்சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு போனது.

அதற்கு அடுத்த வாரமே இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. காவல் செடிகளை ஆடி மாதத்தில் ஊரைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாதாம். ஆடி என்றே அச்சடித்திருந்தார்கள். மற்ற மாதங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைப் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, பக்கத்து அறைக்காரர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

புரட்டாசியில் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு வெள்ளோடைக்குப்பம் போனேன். குழாய் மூடி இரண்டு வாரமாகியிருந்தது. இலக்கியா உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். இருமல் இல்லை. இந்த முறை எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. தொட்டியில் மேல்நுனியில் பச்சைத் துளிர் விட்டிருந்தது. அஞ்சலாட்சி அந்த நகலை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பஜ்ஜி தரவில்லை, டீ கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றார். "நானும் ஒரு மாசம் வெளியூரு போயி இருந்துட்டு, அந்தக் குழாயைத் தொறந்து வுட்டிருந்தப்ப இங்க திரும்பி வந்திருந்தா, எனக்கும் அந்த மாதிரி இருமல் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்மா."

"அப்ப அம்பது வருசமா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் நெனச்சிக்கிட்டு இருந்தது?"

டாக்டரிடம் ஒருமுறை நெஞ்சைக் காட்டிப் பார்க்கலாம் என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"கல்யாணமான வருசம் என்னையும் ஆடிக்கு அனுப்பினாங்க" என்றார். "சீரு செனத்தியோட, மேளம் வெச்சு அனுப்பினாங்க. எங்கம்மா வூடு அதோ, நாலு வூடு தள்ளி, அந்த ஓட்டு வூடுதான்."

மிஷின் சத்தம் நின்றது. இலக்கியா வாசலுக்கு வந்து, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.